சுற்றும் நாணும்: நிறமிடும் கணக்கின் ஒரு கிளை வரலாறு

நான்கு மூங்கிற் கழிகளை நுனிக்கு நுனி கட்டிச் சதுரமாக நிமிர்த்தினால் அது நில்லாது. ஒரு பக்கம் தொட்டால் மறுபக்கம் சாயும். பந்தல் போடுவோர் அதன் மூலைக்கு மூலை ஒரு கழியைக் குறுக்கே வைத்துக் கட்டுவர். கட்டிய அக்கணமே சட்டம் இறுகிவிடும். முக்கோணத்துக்கோ இந்தத் துணை வேண்டுவதில்லை. பந்தலுக்கும் பாலத்துக்கும் உரிய இந்த உண்மையிலிருந்து, கணித நூலோர் சிலர் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு பெயரைக் கடன் வாங்கினர். அவர்கள் ஆராய்ந்த பொருளில் கழியும் இல்லை, கயிறும் இல்லை. ஆயினும், குறுக்கே ஒரு கோடு உண்டா இல்லையா என்ற கேள்வி, மிகக் கடினமான ஒரு கணக்கை மிக எளிய கணக்காக மாற்றிவிடுவதை அவர்கள் கண்டனர். அந்த வரலாற்றையே இவ்வுரை கூற முற்படுகிறது.

கோட்டுரு என்றவுடன், பள்ளிக்கூடத்தில் கட்டம் போட்ட தாளில் வரைந்த வளைகோடுகளை நினைத்துக்கொள்ள வேண்டா. சில புள்ளிகள், அவற்றுள் சிலவற்றை இரண்டிரண்டாக இணைக்கும் கோடுகள், இவ்வளவே இங்குக் கோட்டுரு எனப்படுவது. புள்ளி எங்கே இருக்கிறது, கோடு நேரானதா வளைந்ததா என்பன பொருட்டல்ல. எது எதனோடு இணைந்துள்ளது என்பதொன்றே கருதத்தக்கது. புள்ளிகள் மனிதரைக் குறித்தால், கோடு அவர்களிடையே உள்ள அறிமுகத்தைக் குறிக்கலாம். புள்ளிகள் தேர்வுப் பாடங்களைக் குறித்தால், இரு பாடங்களையும் எழுதும் மாணவன் ஒருவனேனும் உளன் என்பதைக் கோடு காட்டலாம். இனி, கோட்டால் இணைந்த இரு புள்ளிகள் ஒரே நிறம் பெறாதவாறு எல்லாப் புள்ளிகளுக்கும் நிறமிட வேண்டும். குறைந்தது எத்தனை நிறம் தேவை? தேர்வுக் கணக்கில் நிறம் என்பது வேளை. எத்தனை வேளைகளில் எல்லாத் தேர்வுகளையும் மோதலின்றி முடிக்கலாம் என்பதே அங்குக் கேள்வி.

கேட்பதற்கு எளிதாயினும், இந்தக் கேள்வி பலரை ஏமாற்றியிருக்கிறது. 1852-இல் பிரான்சிஸ் கத்ரி என்னும் ஆங்கில இளைஞர், எந்தத் தேசப் படத்துக்கும் நான்கு நிறங்கள் போதுமா என்று வினவினார். 1879-இல் கெம்பே என்பார் அதற்கு ஒரு நிரூபணம் வெளியிட்டார். அவருடைய உபாயம் நினைவிற்கொள்ளத் தக்கது. எந்தப் படத்திலும் ஐந்துக்கு மேற்படாத அண்டை நாடுகளைக் கொண்ட நாடு ஒன்று இருந்தே தீரும். அந்நாட்டைத் தற்காலிகமாக எடுத்துவிடுக; மீந்த படத்துக்கு நிறமிடுக; பின்பு எடுத்த நாட்டைத் திரும்ப வைத்து அதற்கொரு நிறம் தருக. எடுப்பதில் இடர் ஒன்றுமில்லை. திரும்ப வைப்பதில்தான் இடர். அண்டையிலுள்ள ஐந்து நாடுகளும் நான்கு நிறங்களையும் பயன்படுத்திவிட்டால் புதிய நாட்டுக்கு நிறம் ஏது? அண்டை நாடுகளின் நிறங்களை மாற்றி இடம் செய்யலாம் என்றார் கெம்பே. பதினோராண்டு காலம் அறிஞர் உலகம் அதை ஏற்றிருந்தது. 1890-இல் ஹீவுட் அந்த மாற்றத்தில் இருந்த பிழையைக் காட்டினார். நான்கு நிறம் போதும் என்பது இறுதியில் 1976-இல், ஆப்பெல், ஹாக்கன் என்னும் இருவரால் கணிப்பொறியின் துணையோடு நாட்டப்பட்டது. எடுத்தல், திரும்ப வைத்தல் என்ற இந்த உபாயம் பிறிதோரிடத்தில் பிழையின்றிப் பலித்ததைப் பின்னர்க் காண்போம்.

நிறங்களின் எண்ணிக்கைக்கு ஒரு கீழெல்லை எளிதில் புலப்படும். ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் இணைந்த ஐந்து புள்ளிகள் இருப்பின், அவற்றுக்கு ஐந்து நிறங்கள் வேண்டும். இவ்வாறு தமக்குள் முற்றும் இணைந்த கூட்டத்தை முழுக் குழு என்போம். மிகப் பெரிய முழுக் குழுவின் அளவுக்குக் குறைந்த நிறங்களால் காரியம் ஆகாது. அவ்வளவு நிறங்கள் போதுமா என்றால், போதா. ஐந்து புள்ளிகளை வட்டமாக வைத்து, அடுத்தடுத்தவற்றை மட்டும் இணைத்துப் பாருங்கள். இதில் மூவர் கூடிய முழுக் குழுவே இல்லை. ஆயினும் இரண்டு நிறங்களால் முடியாது, மூன்றாவது வேண்டும். இந்த ஐங்கோணம் சிறு குறும்புதான். ஆனால் 1949-இல் ஜிக்கோவ் என்ற ரஷ்ய அறிஞரும், 1955-இல் மிசியெல்ஸ்கி என்ற போலந்து நாட்டவரும், மூவர் குழு ஒன்றுகூட இல்லாமலே எத்தனை நிறங்களை வேண்டுமானாலும் கேட்கும் கோட்டுருக்களைக் கட்டிக் காட்டினர். குழுவின் அளவைக் கொண்டு நிறத்தின் எண்ணிக்கையை ஊகிக்கலாம் என்ற நம்பிக்கை அத்துடன் பொதுவகையில் வீழ்ந்தது.

பொதுவகையில் வீழ்ந்த நம்பிக்கை சிறப்பு வகையில் எங்கே நிற்கும்? வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் ஊருக்குப் போகும் வழியில் காத்துக் கிடந்த பெரிய ரயில் சந்திப்புக்களில் ஒன்றை நினைத்துக்கொள்க. ஒவ்வொரு வண்டியும் வந்து, சிறிது நேரம் நின்று, புறப்படுகிறது. ஒரே வேளையில் நிற்கும் இரு வண்டிகளுக்கு வெவ்வேறு பிளாட்பாரம் வேண்டும். வண்டிகளைப் புள்ளிகளாகவும், நிற்கும் நேரம் மோதுவதைக் கோடாகவும், பிளாட்பாரத்தை நிறமாகவும் கொண்டால் நமது கணக்கு வந்துவிடும். இங்கே ஒரு விசேஷம் உண்டு. முதல் வண்டி இரண்டாவதோடும், இரண்டாவது மூன்றாவதோடும், மூன்றாவது நான்காவதோடும், நான்காவது திரும்ப முதலாவதோடும் மோதுகின்றன என்று கொள்வோம். முதலாவதும் மூன்றாவதும் மோதவில்லை எனில், ஒன்று போன பிறகே மற்றது வந்திருக்க வேண்டும். இரண்டாவது வண்டி அவ்விரண்டையும் சந்தித்ததனால், இடைப்பட்ட நேரம் முழுதும் நிலையத்தில் நின்றிருக்கும். நான்காவதும் அவ்வாறே. ஆகவே இரண்டாவதும் நான்காவதும் சந்தித்தே தீர வேண்டும். அதாவது, நான்கு புள்ளிச் சுற்றில் குறுக்கே ஒரு கோடு தானாகவே வந்து விழுகிறது. ஐந்து, ஆறு, நூறு புள்ளிச் சுற்றானாலும் இதே கதைதான்.

சுற்றில் அடுத்தடுத்து இல்லாத இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டுக்கு, வடிவ கணிதத்தில் வட்டத்துக்குச் சொல்வதுபோல, நாண் என்று பெயர். நான்கும் அதற்கு மேலும் புள்ளிகளைக் கொண்ட ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நாணேனும் இருக்குமாயின், அது நாண்கோட்டுரு. பந்தற் சட்டத்தின் குறுக்குக் கழி இதுவே.

இந்த ஆராய்ச்சியின் பிறப்பிடம் புடாபெஸ்ட் என்று துணிந்து கூறலாம். கோட்டுருக்களைப் பற்றிய முதல் முழு நூலை 1936-இல் எழுதியவர் அந்நகரத்துப் பேராசிரியர் டேனெஷ் கேனிக். யூத மரபினரான அவர், 1944-இல் ஹங்கேரிய நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றிய சில நாட்களில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் நட்ட பயிர் அழியவில்லை. 1957-இல் ஹயோஷ் என்பவர், ஒரு நேர்கோட்டின் துண்டுகள் ஒன்றையொன்று மேவுவதால் உண்டாகும் கோட்டுருக்கள் எத்தகையன என்ற கேள்வியை எழுப்பினார். மேலே கண்ட வண்டிக் கணக்கு அதுவே. மறு ஆண்டு, 1958-இல், ஹய்னால், ஷுரானி என்னும் இருவர் நாண்கோட்டுருக்களைத் தனியே எடுத்து ஆராய்ந்து ஒரு தேற்றம் வெளியிட்டனர். ஒன்றோடொன்று இணையாத புள்ளிகளை எத்தனை தேர்ந்தெடுக்கலாமோ அத்தனை முழுக் குழுக்களைக் கொண்டே எல்லாப் புள்ளிகளையும் அடக்கிவிடலாம் என்பது அதன் சாரம். நிறத்தைப் பற்றி அவர்கள் பேசவில்லை. அதைப் பேசியவர் பிரெஞ்சுக்காரரான குளோத் பெர்ஜ். நாண்கோட்டுருவில் மிகப் பெரிய முழுக் குழுவின் அளவும் தேவையான நிறங்களின் எண்ணிக்கையும் சமம் என்று 1960-இல் அவர் காட்டினார். ஐங்கோணத்தின் குறும்பு இங்கே செல்லாது.

ஏன் சமம்? இதற்குத் தெளிவான விடை 1961-இல் ஹாம்பர்க் பல்கலைக் கழகத்துக் கணிதச் சஞ்சிகையில் வெளிவந்தது. எழுதியவர் கேப்ரியல் டிராக். புகழ்பெற்ற பௌதிக அறிஞர் பால் டிராக்கின் மனைவிக்கு முதல் மணத்தில் பிறந்த மகன், புடாபெஸ்டிற் பிறந்தவர், நோபல் பரிசு பெற்ற யூஜின் விக்னர் இவருக்கு மாமன். இத்தனை பெரிய பெயர்களின் நிழலில் இருந்தும் தமக்கென ஒரு துறையில் தனிப்பெயர் ஈட்டிய இவரை உலகம் இன்னும் சற்று அதிகமாக அறிந்திருக்கலாம். 'விறைத்த சுற்றுக் கோட்டுரு' என்பது இவர் இட்ட பெயர்.

டிராக்கின் வாதம் எந்த நேயரும் பின்பற்றக்கூடியது. ஒன்றோடொன்று இணையாத இரு புள்ளிகளை எடுத்துக்கொள்க. ஒன்றிலிருந்து மற்றதற்குக் கோடுகள் வழியே செல்ல முடியாதவாறு இடையிலுள்ள சில புள்ளிகளை நீக்குக. தேவைக்கு மேல் ஒன்றையும் நீக்கலாகாது. நீக்கியவற்றை வாயிற் புள்ளிகள் என்போம். ஓர் ஆற்றின் இரு கரைகளுக்கும் இடையே உள்ள பாலங்களைப்போல, ஒவ்வொரு வாயிலுக்கும் இக்கரையிலும் தொடர்பு உண்டு, அக்கரையிலும் தொடர்பு உண்டு. இல்லையேல் அதை நீக்கியிருக்கத் தேவையே இல்லை. இப்போது ஏதேனும் இரு வாயில்களை எடுத்துக்கொண்டு, முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு இக்கரை வழியாக மிகக் குறுகிய பாதையிற் சென்று, அக்கரை வழியாக மிகக் குறுகிய பாதையில் திரும்புக. இது நான்குக்குக் குறையாத புள்ளிகளைக் கொண்ட ஒரு சுற்று. இதற்கு நாண் இருந்தாக வேண்டும். அது எங்கே இருக்கும்? கரைக்குக் கரை கோடில்லை. ஒரே கரைக்குள் குறுக்கு வழியும் இல்லை, ஏனெனில் சென்ற பாதையே மிகக் குறுகியது. எஞ்சியது ஒன்றே: அவ்விரு வாயில்களும் நேரே இணைந்திருக்க வேண்டும். எந்த இரு வாயிலை எடுத்தாலும் இவ்வாறே. எனவே வாயிற் புள்ளிகள் யாவும் ஒரு முழுக் குழு.

சுற்றைப் பற்றிய நிபந்தனை இவ்வாறு பிரிவினையைப் பற்றிய உண்மையாக மாறிற்று. அதிலிருந்து டிராக் மேலும் ஒன்று பெற்றார். நாண்கோட்டுருவை வாயில்களில் பிரித்துப் பிரித்துக்கொண்டே போனால், அண்டைப் புள்ளிகள் எல்லாம் தமக்குள் இணைந்துள்ள ஒரு புள்ளி முடிவில் அகப்பட்டே தீரும். அதை ஓரப் புள்ளி எனலாம். முழுக் குழுவாக இல்லாத எந்த நாண்கோட்டுருவிலும், ஒன்றோடொன்று இணையாத இரண்டு ஓரப் புள்ளிகளேனும் உண்டு.

கெம்பேயின் உபாயம் பலிக்கும் இடம் இதுவே. ஓரப் புள்ளியை எடுத்துவிடுக. மீந்ததும் நாண்கோட்டுருவே, அதிலும் ஓர் ஓரப் புள்ளி உண்டு, அதையும் எடுக்க. வெங்காயத்தை உரிப்பதுபோல உரித்துக்கொண்டே சென்று, ஒன்றும் மிஞ்சாத நிலையில், எடுத்த வரிசைக்கு நேர்மாறான வரிசையில் திரும்ப வைத்து நிறமிடுக. ஒரு புள்ளி திரும்பும்போது அதற்கு முன் வந்துவிட்ட அண்டைப் புள்ளிகள் அனைத்தும் ஒரு முழுக் குழு. புதிய புள்ளியையும் சேர்த்தால் சற்றுப் பெரிய முழுக் குழு. ஆகவே மிகப் பெரிய குழுவின் அளவுக்கு நிறங்கள் கையிலிருந்தால், வரும் புள்ளிக்கு ஒரு நிறம் எப்போதும் மிஞ்சியிருக்கும். முன்பு இட்ட நிறத்தை ஒருமுறைகூட மாற்ற வேண்டுவதில்லை. கெம்பேயை வீழ்த்தியது அந்த மாற்றமே அன்றோ? வண்டிக் கணக்கில் இது இன்னும் வெளிப்படை. வந்த வரிசையில் ஒவ்வொரு வண்டிக்கும் காலியான பிளாட்பாரத்தைக் கொடுத்துக்கொண்டே போனால் போதும். ஒரே சமயத்தில் நின்ற வண்டிகள் அதிகபட்சம் எத்தனையோ, அத்தனை பிளாட்பாரத்துக்கு மேல் ஒருபோதும் தேவைப்படாது.

இதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு வாயில் திறந்தது. பர்டியூ பல்கலைக் கழகத்தில் ஆராய்ந்த சீமோர் பென்சர், ஜீன் என்னும் பரம்பரைக் கூற்றின் உள்ளமைப்பு நேர்கோடு போன்றதா, கிளைவிட்டதா என்று அறிய முயன்றார். நுண்கிருமிகளை அழிக்கும் ஒரு வைரஸில், ஜீனின் ஒரு பகுதி அற்றுப்போன 145 வகைகளை எடுத்து, எந்த இரண்டில் அற்ற பகுதிகள் மேவுகின்றன என்று சோதித்தார். அவர் 1959-இல் வெளியிட்ட முடிவு, எல்லா மேவல்களும் ஒரே கோட்டின் துண்டுகளாக அமைக்கத் தக்கவை என்பது. ஹயோஷின் கேள்வி உயிர் நூலில் வந்து நின்றது! இந்தத் தூண்டுதலால், சாந்தா மோனிக்காவில் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபுல்கர்சனும் குரோஸும், ஒரு கோட்டுரு நேர்கோட்டுத் துண்டுகளால் ஆனதா என்று கண்டறியும் முறையை 1965-இல் வகுத்தனர். ஓரப் புள்ளியாக எடுத்து எடுத்து முழுதும் தீர்த்துவிடக்கூடிய கோட்டுருக்களும் நாண்கோட்டுருக்களும் ஒன்றே என்பதை அவர்கள் நிறுவினர். எந்த ஓரப் புள்ளியை முதலில் எடுப்பது என்று தயங்கவும் வேண்டியதில்லை. எதை எடுத்தாலும் வழி அடைபடாது.

பெர்ஜ் இதற்குள் ஒரு படி மேலே ஏறிவிட்டார். குழுவின் அளவும் நிறத்தின் எண்ணிக்கையும் சமமாவது நாண்கோட்டுருவுக்கு மட்டும் உரியதன்று. அந்தச் சமத்துவம் தன்னிலும் தன் ஒவ்வொரு பகுதியிலும் நிற்கும் கோட்டுருக்களுக்குச் செவ்விய கோட்டுரு என்று பெயரிட்டு, அவற்றைப் பற்றி இரண்டு ஊகங்களை வெளியிட்டார். இவ்வகையில் அவருடைய கட்டுரைகளுள் ஒன்று 1963-இல் நம் நாட்டில், கல்கத்தாவில், மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம் வெளியிட்ட ஆறு கட்டுரைகள் கொண்ட ஒரு சிறு தொகுப்பில் அச்சாயிற்று. உலகெங்கும் இத்துறையினர் அந்தக் கல்கத்தா வெளியீட்டை இன்றும் மேற்கோள் காட்டுகின்றனர். பெர்ஜுக்கு வேறொரு முகமும் உண்டு. சிற்ப வேலை செய்வார். இலக்கியத்தில் கணித விதிகளைக் கையாளும் ஊலிப்போ என்ற பிரெஞ்சுக் குழுவின் தொடக்க உறுப்பினருள் ஒருவர். டென்ஸ்மோர் பிரபுவைக் கொன்றவர் யார் என்று துப்பறியும் கதை ஒன்றை 1994-இல் எழுதினார். மாளிகைக்கு வந்தவர்கள் யார் யாரைச் சந்தித்தனர் என்ற வாக்குமூலங்களைக் கோட்டுருவாக்கினால், நேர்கோட்டுத் துண்டுகளுக்கு ஒவ்வாத அமைப்பு தோன்றுகிறது. ஒருமுறை மட்டுமே வந்ததாகச் சொன்னவருள் ஒருவர் பொய் சொல்கிறார் என்பது அதனால் வெளியாகிறது!

பிறகு நடந்தவை விரைவாக நடந்தன. 1970-இல் டொனால்ட் ரோஸ், பல மாறிகளைக் கொண்ட சமன்பாடுகளைத் தீர்க்கும் பழைய முறையில் இதே உரித்தலைக் கண்டார். ஒரு மாறியை நீக்கும்போது, அதனோடு தொடர்புடைய மற்ற மாறிகள் தமக்குள் புதிதாகப் பின்னிக்கொள்கின்றன, வேலை பெருகுகிறது. நீக்கும் மாறி ஓரப் புள்ளியாயின் அவை முன்பே பின்னியவை. புதுச் சிக்கல் எழாது. 1976-இல் ரோஸ், டார்ஜான், லூக்கர் மூவரும், கோட்டுருவின் புள்ளிகளையும் கோடுகளையும் ஏறத்தாழ ஒருமுறை பார்வையிடும் நேரத்திலேயே உரிக்கும் வரிசையைக் கண்டுபிடிக்கும் முறையைத் தந்தனர். பொதுவான கோட்டுருவுக்கு நிறமிடுவதோ, 1972-இல் கார்ப் பட்டியலிட்ட 21 கடுங்கணக்குகளுள் ஒன்று. விரைவான முறை எதுவும் அதற்கு இதுவரை அகப்படவில்லை.

வால்ட்டர் 1972-இலும், கவ்ரில், பியூன்மன் ஆகியோர் 1974-இலும், ஒருவரையொருவர் சாராமல் மற்றோர் உருவத்தைக் கண்டனர். நேர்கோட்டின் துண்டுகளுக்குப் பதிலாகக் கிளைவிட்ட ஒரு மரத்தின் தொடர்ச்சியான பகுதிகளை எடுத்துக்கொள்க. எவையெவை மேவுகின்றன என்று கோடிடுக. கிடைப்பது நாண்கோட்டுரு, எந்த நாண்கோட்டுருவும் இவ்வாறு கிடைக்கும். டிராக் கண்ட ஓரப் புள்ளி மரத்தின் கிளை நுனியே என்பது இப்போது விளங்கும். இவ்வுண்மை எதிர்பாராத ஓரிடத்திற் பயன்பட்டது. கணிப்பொறி நிரலை மொழிபெயர்க்கும்போது, தற்காலிகமாக வேண்டப்படும் மதிப்புக்களைச் சில பதிவகங்களில் வைக்க வேண்டும். ஒரே சமயத்தில் வேண்டப்படும் இரண்டு ஒரே பதிவகத்தில் இருக்கலாகாது. இதை நிறமிடும் கணக்காக 1981-இல் சைட்டின் முதலியோர் கையாண்டனர். 2005-ஐ ஒட்டி, ஒவ்வொரு பெயருக்கும் ஓரிடத்தில் மட்டுமே மதிப்புத் தரும் ஒழுங்கில் நிரலை எழுதினால் அந்தக் கோட்டுரு நாண்கோட்டுருவே என்று பலர் தனித்தனியே கண்டனர். நிரலின் கிளைகளே அங்கு மரம்.

பெர்ஜின் ஊகங்கள் இரண்டும் வெவ்வேறு காலம் காத்திருந்தன. முதலாவது, ஒரு கோட்டுரு செவ்வியதாயின், இணைந்தவற்றைப் பிரித்தும் பிரிந்தவற்றை இணைத்தும் பெறும் மறுதலைக் கோட்டுருவும் செவ்வியதே என்பது. ஹய்னால், ஷுரானி முடிவும் பெர்ஜின் முடிவும் ஒன்றுக்கொன்று மறுதலையாய் நிற்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். அந்த ஊகத்தை 1972-இல் இருபத்து நான்கு வயதினரான லோவாஸ் நிரூபித்தார். அவரும் புடாபெஸ்டிற் பிறந்தவரே. ஃபுல்கர்சன் ஏறக்குறைய முழுவதும் நெருங்கியிருந்து, கடைசிப் படி உண்மையாயிராது என்று ஐயுற்று நின்றவர். லோவாஸின் வெற்றியைப் பெர்ஜ் ஓர் அஞ்சலட்டையில் தெரிவித்ததும், அந்தப் படியைத் தாமே சில மணி நேரத்தில் முடித்தார். ஒன்று உண்மை என்று தெரிவதே பாதி நிரூபணம் போலும்.

இரண்டாவது ஊகம் கடினமானது. ஐங்கோணம், எழுகோணம் முதலிய நாணற்ற ஒற்றைச் சுற்றுக்களும் அவற்றின் மறுதலைகளும் உள்ளே இல்லாத எந்தக் கோட்டுருவும் செவ்வியது என்பது அது. இதன் ஒரு பகுதியை, அதாவது ஒரு புள்ளியின் அண்டையில் தமக்குள் இணையாத மூன்று புள்ளிகள் எங்கும் இல்லாத கோட்டுருக்களுக்கு, 1976-இல் நிரூபித்தவர்கள் நம் நாட்டவரான கே. ஆர். பார்த்தசாரதியும் ஜி. ரவீந்திராவும். இந்தப் பார்த்தசாரதி சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர். நிகழ்தகவுத் துறையில் புகழ்பெற்ற டில்லி அறிஞருக்கும் இதே பெயர், இதே தலைப்பெழுத்துக்கள். நூலகப் பட்டியல்களில் இருவரையும் ஒருவராக்கிவிடாமல் பார்க்க வேண்டும். முழு ஊகத்தையும் சுட்னோவ்ஸ்கி, ராபர்ட்சன், செய்மூர், தாமஸ் ஆகிய நால்வர் நிரூபித்துவிட்டதாக 2002-ஆம் ஆண்டு மே மாதத்தில் செய்தி வந்தது. பெர்ஜ் அப்போது நோயுற்றிருந்தார். ஜூன் 30-ஆம் நாள் காலமானார். ஏறத்தாழ 180 பக்கங்கள் கொண்ட அந்த நிரூபணம் 2006-இல் அச்சில் வந்தது.